குளிர்குழாய் இல்லாமல் முடித்த பேரம்

எங்கள் ஊரில், அறிவியலில் வரும் பிரித்தெடுத்தல் பாடத்தைச் சேர்ந்து படிக்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்துவிடுவார்கள். தேர்வுக்கு முந்தின நாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். மற்ற பாடங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சமூக அறிவியலை நூறு பேர் கூடிப் படித்தாலும் நூறு பேராகத்தான் எழுந்து வருவார்கள்.

கலப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரித்த விதத்தில்தான் ஆட்சேபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் மாட்டுத் தரகன். பெயர் சென்னியப்பன், வயது நாற்பத்தேழு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதன் பிறகு என்னை ஏமாற்றியவர்கள்தான் எனக்கு வாத்தியார்கள். அவர்கள் ஒருவர்கூட விடுமுறை எடுத்ததில்லை. முப்பது வருஷமாகச் சந்தையில் என் வாய்க்கு முன்னால் நின்று பேசி ஜெயித்த ஆள் கிடையாது. இப்படி இருக்கும்போது போன வருஷம் சந்தைக் கமிட்டிக்காரர்கள் ஒரு பலகை மாட்டினார்கள். பத்தாம் வகுப்பு தேறிய தரகர்களுக்கு மட்டுமே சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை. வில்லை இல்லாதவர் கயிற்றைத் தொடக் கூடாது. மாட்டின் பல்லைப் பிடித்து வயது சொல்கிறவனுக்கு வேதியியல் எதற்கு என்று கேட்டேன். பலகையைக் காட்டினார்கள். பலகையோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? தனித்தேர்வராகப் பணம் கட்டினேன்.

மற்றதெல்லாம் தேறிவிட்டேன். அறிவியல் மட்டும் பாக்கி. என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஜெசிந்தா, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல். பத்து தேறினால் அமைப்பாளர் ஆகலாம். இன்னொருவர் வையாபுரி, ஊர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக, எந்தத் தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் ஜனங்கள் அவர் வீட்டு வாசலில் நின்றுதான் திட்டுவார்கள். மனுஷர் ஒருநாளும் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரிங்க என்பார். அவர் எதற்குத் தேர்வு எழுதுகிறார் என்று கேட்டோம். அதற்கும் சரிங்க என்றார்.

சத்துணவுக் கூடத்திலேயே படித்தோம். அரசாங்கம் குழுவுக்கு ஓர் அண்டா கொடுக்கிறது. எங்களுக்கு வந்தது ஒரு பக்கம் நசுங்கியது. மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை அலைந்தேன், நடக்கவில்லை. பாடம் ஏற ஏற ஆள் இறங்க வேண்டியதுதான். வடிகட்டல் முடிந்தபோது முழங்கால்வரை போயிருந்தோம். பதங்கமாதல் முடிந்தபோது மூன்று பேரும் அண்டாவுக்குள் இருந்தோம். உள்ளே படிப்பது சுலபம். ஜெசிந்தாவின் பக்கமிருந்து கேள்வி வரும், என் பக்கமிருந்து பதில் போகும், வையாபுரி சும்மா சுற்றிலும் இருப்பார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்கோதை என்ற பிரிப்பு அலுவலர் வந்தார். பதிவேட்டைத் திறந்து, அண்டாவை ஒரு குச்சியால் கலக்கிப் பார்த்து, "மணல் ஒண்ணு, உப்பு ஒண்ணு, தண்ணி ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார்.

நான்தான் மணல். அதில் எனக்குச் சந்தோஷமே. யாரிடமும் கரையாதவன் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்ததாக ஆயிற்று. வடிதாள் கிழிந்திருந்ததால், ஆணியில் தொங்கிய என் துண்டையே இரண்டாக மடித்துப் போட்டு வடித்தார்கள். நான் துண்டில் தங்கினேன். உதறி எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு எடைக்கல்லில் ஏறினேன். எண்பத்திரண்டு கிலோவாக இறங்கியவன் எழுபத்தொன்பதாக வந்திருந்தேன்.

"மூணு கிலோ எங்கீங்க?" என்றேன்.

"அது அனுமதிக்கப்பட்ட இழப்புங்க" என்றார் பூங்கோதை.

"ஆரு அனுமதிச்சது? நான் அனுமதிக்கலையே."

"மேலிடத்துல அனுமதிச்சிருக்குதுங்க."

கத்தினேன். கத்தியபோதுதான் தெரிந்தது, அடித்தொண்டையிலிருந்து வர வேண்டிய பாகம் வரவில்லை. மூன்று கிலோ எதில் குறைந்தது என்று புரிந்துவிட்டது. கை இருக்கிறது, கால் இருக்கிறது, தொப்பை அப்படியே இருக்கிறது. குறைந்தது என் கோபம். கரையாதவன் என்று எழுதிவிட்டு, என்னிடம் இருந்த ஒரே மூலதனத்தைக் கரைத்திருக்கிறார்கள். சந்தையில் ஒரு கிழட்டு எருதைக்கூட அது இல்லாமல் நான் பேசியதில்லை.

பூங்கோதை அடுத்த வேலைக்குப் போய்விட்டார். "மீதி உப்பும் தண்ணியும். காய்ச்சி வடிக்கணுமுங்க. கொதிகலம், குளிர்குழாய், ரெண்டு பார் ஐஸ். அஞ்சு மணி நேரம் ஆகும்."

ஒருவர் முதலில் சொல்லும் அளவை அப்படியே ஒத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்குச் சந்தை நாள் வேறு. இரண்டு மணிக்குக் கலைந்துவிடும். வில்லை இல்லாவிட்டாலும் நின்று பார்க்கவாவது வேண்டும்.

"அஞ்செல்லாம் ஆவாதுங்க. ரெண்டு" என்றேன்.

"நாலரைக்குக் குறையாதுங்க."

"ரெண்டேகால். அந்தக் குழாய் எதுக்கு? எடுத்துருங்க."

"குழாய் இல்லாம எப்பிடிங்க?"

"உப்பு அடியில நிக்கப்போகுது. அதுக்கு எதுக்குக் குழாய்? ஐஸையும் எடுத்துருங்க. தேர்வு எழுதற ஆளுக்கு ஐஸ் ஆகாது, சளி பிடிக்கும்."

அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு ஊரில் அண்டா காத்திருந்தது. இரண்டேகாலுக்கு முடித்தோம். கையெழுத்துப் போட்டேன். கோபம் குறைந்தும் ஒரு பேரத்தை ஜெயித்தேனே என்று அப்போது கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு அண்டா வற்றியது. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தோசைத் திருப்பியால் சுரண்டினார்கள். ஜெசிந்தா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார்.

"வையாபுரியண்ணன் எங்கீங்ணா?"

நான் சன்னலைப் பார்த்தேன். பூங்கோதை பதிவேட்டில் 'ஆவியானார்' என்று எழுதி, விதியைப் படித்துக் காட்டினார். கலவையில் ஒருவர் குறைந்தாலும் மீதிப் பேருக்குத் தேர்வுக்கூடத்தில் அனுமதி இல்லை. நாளைக் காலை பத்து மணி வரை நேரம். அண்டாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நசுங்கலுக்கு என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்.

ஜெசிந்தா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏனுங்ணா, மாடு வாங்கறப்ப கயிறு வேண்டாம், அதைக் குறைச்சுக்கோன்னு பேசுவீங்களா?"

"கயிறில்லாம மாட்டை எப்பிடி ஓட்டீட்டுப் போறது அம்மிணி?"

"அந்தக் குழாய்தானுங்க வையாபுரியண்ணனுக்குக் கயிறு."

எனக்கு ஆத்திரம் வந்தது. வந்தது என்றால், நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. யார் மேல் ஆத்திரப்படுவது? சரிங்க சரிங்க என்று இருபத்திரண்டு வருஷம் சொன்ன ஆள், போகும்போது ஒரு வார்த்தை, வரேனுங்க என்றாவது சொல்லியிருக்கலாமே. என் மூன்று கிலோவையும் எடுத்துக்கொண்டல்லவா போயிருக்கிறார். உப்பில் இல்லை, ஜெசிந்தாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு எப்பவும் இருக்கற அளவுதானுங்ணா இருக்குது என்றார்.

"ஆவி குளிர்ச்சியான இடத்துலதான் போய்ப் படியும், ஏழாம் பக்கம்" என்றார் ஜெசிந்தா. "நம்மூர்ல குளிர்ச்சியானது எதுங்ணா?"

பால் சங்கத்துக் குளிர்தொட்டிதான். போனோம். அங்கே பாலில் கொழுப்பு பார்க்கிற திம்மராயன் எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"உங்காளுங்களா? மத்தியானத்துலிருந்து மூடிக்கு அடியில படிஞ்சிருக்காருங்க. பாலுக்குள்ள சொட்டிருவாரோன்னு மூடியைத் தொடவே இல்லை. சாயங்காலப் பால் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க. தண்ணி கலந்துட்டேன்னு என்னையச் சொல்லுவாங்க."

மூடியின் உள்பக்கம் முழுக்க வையாபுரி முத்து முத்தாக நின்றிருந்தார். என் துண்டால் ஒற்றி ஒற்றி ஒரு பால் கேனில் பிழிந்தோம். ஒரு சொட்டு விடவில்லை. திம்மராயன் மீட்டரை விட்டுப் பார்த்து, கொழுப்பு இல்லை, சுத்தமாக அவர்தான் என்று சொன்னார்.

சத்துணவுக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தோம். தண்ணீராக இருக்கிறவர் ஆளாக வேண்டுமென்றால் அவராக எழுந்தால்தான் உண்டு, பாடத்தில் அதற்கு முறை எதுவும் இல்லை. வையாபுரி எழுந்திருக்கவில்லை. ஜெசிந்தா நயமாகக் கூப்பிட்டுப் பார்த்தார். நான் கேனைத் தட்டிக் கூப்பிட்டேன். பிறகு, இருந்த கோபத்தையெல்லாம் கூட்டி, "யோவ், எந்திரிய்யா, எங்க பொழப்பு உன் கையில இருக்குது" என்று கத்தினேன்.

கேன் கொதித்தது. அடியில் அடுப்பு இல்லை. தளதளவென்று கொதித்து, விளிம்புவரை வந்து, என் முகத்தில் ஒரு கை தெளித்துவிட்டு அடங்கியது.

அது என்னுடைய கொதி. எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"இவரு திருப்பிக் குடுக்கற உத்தேசத்துல இல்லை அம்மிணி" என்றேன்.

"பேசிப் பாருங்ணா. உங்க தொழில்தானுங்களே."

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தால் கணக்கு. சுற்றி நூறு பேர் நின்றாலும் உள்ளே ஓடுவது இரண்டு பேருக்குத்தான் தெரியும். துண்டைக் கேன் வாயில் விரித்துக் கையை உள்ளே விட்டேன். தண்ணீருக்குள் ஐந்து விரல் காத்திருந்தது. பைப்பு திருகிக் காய்ப்பேறிய விரல்கள்.

நான் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தேன். முழுசும் திருப்பிக் கொடு என்று அர்த்தம். அவர் என் பிடியை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். மறுபடி பிடித்தேன். மறுபடி கழற்றினார். அப்புறம் என் விரல்களை அவர் பிடித்தார். எவ்வளவு கேட்டார் தெரியுமா? அநியாயம். முப்பது வருஷம் வெயிலிலும் சாணியிலும் நின்று, உதை வாங்கி, ஏமாந்து, ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த கோபம். மூன்று நாள் என்னைச் சுற்றிச் சும்மா இருந்துவிட்டு அதில் பங்கு கேட்கிறார். கையை உருவிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். பேரத்தில் பாதி வேலை அதுதான், எழுந்து போகிற மாதிரி எழுந்திருப்பது. வெளியே எடுத்தும் விட்டேன்.

கேன் அசையவில்லை. எழுந்து போகிறவனைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் தண்ணீர். நாளைக்கு வேறு எங்காவது படிந்துகொள்வார். எனக்கு வில்லை வேண்டும். ஜெசிந்தாவுக்கு அமைப்பாளர் வேலை வேண்டும். ஜெசிந்தா சுவரோரம் நின்று புத்தகத்தைத் திறந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கையைத் திரும்ப விட்டேன். அந்த விரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, கொஞ்சமும் நடுங்காமல். இருபத்திரண்டு வருஷம் வாசலில் நின்று திட்டு வாங்கியவரின் கை. நான் ஒரு விரலைத் தளர்த்தினேன். அவர் அரை விரல் தளர்த்தினார். பொழுது இறங்கும்வரை இப்படியே போய், கடைசியில் இரண்டு கையும் ஒன்றாய் இறுகியது. முடிந்தது.

வையாபுரி கேனிலிருந்து எழுந்து, தலையைத் துவட்ட என் துண்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவுக்கு முடிச்சீங்ணா?" என்றார் ஜெசிந்தா.

"துண்டுக்குள்ள பேசுனது துண்டுக்குள்ள" என்றேன். உங்களுக்கும் அதே பதில்தான்.

மறுநாள் தேர்வுக்கூட வாசலில் காவலர், தண்ணீர் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வையாபுரியை நிறுத்தினார். தலைமுடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வையாபுரி காவலரைப் பார்த்து ஒரு கத்து கத்தினார். அடித்தொண்டையிலிருந்து வந்தது. மரத்துக் காக்கைகள் கிளம்பிவிட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொந்தப் பொருளை அடுத்தவர் வீட்டில் பார்த்த மாதிரி. ஆனால் வழி விட்டார்கள்.

பதினேழாவது கேள்வி. மணல், உப்பு, நீர் கலந்த கலவையிலிருந்து மூன்றையும் இழப்பின்றிப் பிரிக்கும் முறையை விவரி. விவரித்தேன். குளிர்குழாயை இரண்டு தடவை எழுதினேன். ஐஸ் இரண்டு பார் என்று அடிக்கோடும் போட்டேன். இழப்பின்றி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அப்படி ஒன்று கிடையாது, மூன்று கிலோ போகும் என்றும் எழுதினேன். அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட வேண்டிய விஷயம். வையாபுரி போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

மூன்று பேரும் தேறினோம். ஜெசிந்தா அமைப்பாளர் ஆகிவிட்டார். புது அண்டா கேட்டு எழுதியிருக்கிறார். தண்ணீர் வராவிட்டால் இப்போது வையாபுரி வீட்டு வாசலில் யாரும் நிற்பதில்லை. வராத தெருவுக்கு அவரே போய் நின்று, குழாயை அடைத்து வைத்தது யார் என்று கேட்கிறார். எனக்கு வில்லை வந்துவிட்டது. இதை எழுதுவதற்குக் கோபம் போதாத இடங்களில் அவர் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் வாங்கிவந்துதான் எழுதினேன். கொடுக்கும்போது அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதையும் பொறுத்துக்கொண்டேன். யாருடைய சரக்கு அது!

வில்லையைக் குத்திக்கொண்டு முதல் வியாழக்கிழமை சந்தைக்குப் போனேன். கமிட்டிக்காரர்கள் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு தேறிய மாடுகளை மட்டுமே விற்கலாம். மாடு விற்க வந்த நஞ்சப்பன் வண்டியில் ஓர் அண்டாவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"ரெண்டு கறவை, ஒரு காளைங்க. மூணும் ஒண்ணாத்தான் படிச்சுதுங்க. நாளைக்குத் தேர்வு."

எட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் கலந்திருந்தன.

"குளிர்குழாய் இருக்குதா?" என்றேன்.

"இருக்குதுங்க. ஐஸ் மூணு பார்."

"ரெண்டு போதும்" என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்றும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துண்டை அண்டாவின் மேல் விரித்துக் கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக ஒரு குளம்பு வந்து என் இரண்டு விரல்களைப் பிடித்தது. பிடித்துக்கொண்டு, மூன்றாவதையும் கேட்டது.