ஃபீபியின் மூன்று ஓலைகள்

எங்கள் சபையின் வலைத்தளத்தைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் சபை அலுவலகத்தில் கிளார்க் வேலை. வலைத்தளம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆராதனை நேரம், பாட்டு எண்கள், பிறந்தநாள் பட்டியல், கல்யாண ஓலை எல்லாவற்றையும் சனிக்கிழமை மதியத்துக்குள் ஏற்றிவிடுவேன். பழைய முறையில் ஒரே ஒரு பெரிய வெள்ளைப் பக்கம் இருக்கும். போன வார அறிக்கையை நகலெடுத்துப் போட்டு, பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது.

அந்த வெள்ளைப் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை திறந்து பார்த்தால் ஒவ்வொரு பத்தியும் ஒரு தனிப் பெட்டியாக இருக்கிறது. என்டர் தட்டினால் இன்னொரு பெட்டி. ஒரு வரியைத் தொட்டால் அதன் தலைமேல் ஒரு பட்டை முளைக்கிறது, அதில் பத்துப் பொத்தான்கள். இரண்டு வரிகளைச் சேர்த்துப் பிடித்து ஓர் எழுத்தை அழிக்கப் போனேன், இரண்டு பெட்டியும் போயே போய்விட்டன. பாட்டு எண்ணை நடுவில் நிறுத்த எனக்கு அரை மணி ஆனது.

லாங் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சதீஷ்குமார்தான் தளத்தை அப்டேட் செய்தவன். அவனைக் கூப்பிட்டேன்.

"இன்னா மேடம் இதுக்குப் போயி. அது பிளாக் எடிட்டர். செங்கல் அடுக்குற மாதிரி அடுக்கிக்கினே போங்க."

"நான் வீடு கட்டலப்பா, அறிக்கை போடுறேன். பழசையே திருப்பிக் குடு."

"அதை வெச்சா பின்னாடி பேஜார் ஜாஸ்தி மேடம். ரெண்டு வாரம் போனா பழகிடும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். இந்தக் கூடம் நிஜமாகவே கோணல்.

எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு ஆராதனையில் ஆயர், அதாவது எங்கள் போதகர், மாப்பிள்ளை பெண் பெயரை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். அதைத்தான் ஓலை என்கிறோம். வாசிக்கும் ஓலையை வலைத்தளத்திலும் போடுவேன். மூன்று ஓலையும் முடிந்த பிறகு நான் சான்றிதழ் எழுத, ஆயர் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் தாலி ஏறாது.

அந்த மாதம் ஃபீபியின் ஓலை. சுந்தர்ராஜ் அண்ணனின் ஒரே மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு பள்ளியில் என் வகுப்பில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை, அம்மா இல்லாதவள். மாப்பிள்ளை ரோஹனுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் பார்க்கும் வேலை. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்து முடித்தவளே நான்தான். அதனால் இந்தக் கல்யாணம் குறையில்லாமல் நடக்க வேண்டுமே என்று அவள் அப்பாவைவிட என் மனசுதான் அதிகமாக அடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை வெளியூர்ச் சபை என்பதால் அவர் வரி நீளம். பெயர், அப்பா அம்மா பெயர், சபை, ஊர் எல்லாம் வர வேண்டும். முதல் வாரம் அந்த ஒரு பெட்டியை ஒழுங்காக நிறுத்த நாற்பது நிமிடம் போராடினேன். அடுத்த வாரமும் இந்தப் பாடு வேண்டாம் என்று மூன்று புள்ளி வைத்த பொத்தானைத் தட்டி, விரிந்த பட்டியலில் தேடினேன். திரும்பப் பயன்படுத்த வைத்துக்கொள்ளலாம் என்று பொருள் வரும்படி ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் ஒரே தட்டில் ரோஹன் வரி முழுசாக வந்து உட்கார்ந்தது. ஃபீபியின் வரி சின்னது, அதைக் கையாலேயே அடித்துக்கொண்டேன். பிசாசைப் பிடித்துக் கட்டிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நான்காம் வாரம் எங்கள் சபைப் பெண் இன்னொருத்திக்கு முதல் ஓலை. மாப்பிள்ளை பேரணாம்பட்டு கௌதம். வைத்திருந்த பெட்டியை வரவழைத்தேன். ரோஹனை அழித்தேன், கௌதமை அடித்தேன். ஏற்றும்போது, இன்னும் சில மாற்றங்களும் சேர்ந்து சேமிக்கப்படும், சரியா என்று ஒரு பெட்டி கேட்டது. அன்று காலையிலிருந்து அது என்னிடம் இருபது கேள்வி கேட்டிருந்தது. இதற்கும் சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகப் பூட்டைத் திறப்பதற்குள் சுந்தர்ராஜ் அண்ணன் போனும் கையுமாக வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பொன்மலரு, இது இன்னான்னு பாரும்மா."

ஃபீபியின் மூன்றாம் ஓலைப் பக்கம். மணமகள் ஃபீபி. மணமகன் கௌதம், பேரணாம்பட்டு. இரண்டாம் ஓலையைத் திறந்தேன், கௌதம். முதல் ஓலை, கௌதம்.

"ரோஹனோட அம்மா நேத்து சாயங்காலம் அவங்க தங்கச்சிக்கு அனுப்பறதுக்காகத் தொறந்திருக்காங்க. ராத்திரி எனக்குப் போன். வேற இடம் பேசி ஓலை போட்டுட்டு எங்க கழுத்தையும் ஏன் அறுக்கறீங்கன்றாங்க. ரோஹன் ஃபீபிக்கும் போன் போட்டிருக்கான். அவ பேசிட்டு வந்து படுத்தவ, காலைல டீகூடக் குடிக்காம டியூட்டிக்குப் போயிட்டா."

"அண்ணே, முதல் ஓலைக்கு அந்தம்மாவே வந்து முன் பெஞ்சுல உக்காந்திருந்தாங்களே. ரோஹன் பேரைக் காதால கேட்டாங்களே."

"அதை நானும் சொன்னேன். வெப்சைட்டு பொய் சொல்லுமான்னு கேக்கறாங்க."

உட்கார்ந்தேன். மூன்றாம் ஓலையில் கௌதமை அழித்து ரோஹன் என்று அடித்து ஏற்றினேன். மூன்று பக்கத்திலும் ரோஹன் திரும்பி வந்துவிட்டான். அப்பாடா என்று நேற்றைய பக்கத்தைத் திறந்தால், அந்த இன்னொரு பெண்ணுக்கும் மாப்பிள்ளை ரோஹன். அதைத் திருத்தினேன். ஃபீபிக்கு மறுபடி கௌதம். இப்படியே இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி நான்கு முறை கல்யாணம் செய்துவைத்தேன். அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மௌஸைத் தூக்கி மேஜையில் அடித்தேன்.

சதீஷ்குமார் ஐந்தாவது அழைப்பில் எடுத்தான்.

"அது ஒரே பிளாக்கு மேடம். நாலு எடத்துல காட்டுது, அவ்ளோதான். ஒரு எடத்துல மாத்துனா எல்லாத்துலயும் மாறும். தனித்தனியாப் பிரிச்சு வுடணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கலியே மேடம்."

பிரிக்கும் பொத்தானை அவன் சொல்லச் சொல்லத் தேடி, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசியில் ஃபீபிக்கு ரோஹன், அந்தப் பெண்ணுக்குக் கௌதம் என்று நின்றது. அண்ணனின் போனிலேயே ரோஹனின் அம்மாவைக் கூப்பிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, பெண் மேல் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். ஓலைப் பதிவேட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"சரிங்க சிஸ்டர், மெஷினு பண்ண தப்புக்கு யாரை இன்னா சொல்றது. சர்டிஃபிகேட்டை மட்டும் சீக்கிரம் குடுத்துடுங்க."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போனதும் சான்றிதழ்த் தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்தது.

ஒரு மணிக்கு ஃபீபி வந்தாள். டியூட்டி யூனிஃபார்மோடு, சாப்பாட்டு இடைவேளையில் நடந்தே வந்திருந்தாள். நான் எழுந்து அவள் தோளைப் பிடித்தேன்.

"மன்னிச்சிடும்மா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். அவங்க வீட்லயும் ஒத்துக்கிட்டாங்க."

"அப்பா சொன்னாரு ஆன்ட்டி. நீங்க வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியாதா."

"அப்புறம் ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு? ரோஹன் பேசினாரா?"

"காலைல பேசினாரு. சாரி சொன்னாரு." நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "நேத்து ராத்திரி போன் பண்ணப்போ இது யாருன்னு கேப்பாருன்னு நெனச்சேன் ஆன்ட்டி. தெரியலன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதைக் கேக்கல. எத்தனை நாளா நடக்குதுன்னு கேட்டாரு."

அந்தப் பையனைக் கெட்டிக்காரன், பொறுமைசாலி என்று இவள் அப்பாவிடம் போய் அளந்தவள் நான். பெட்டியைத் திட்டின வாயால் என்னையே திட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"கோவத்துல கேட்டிருப்பாரும்மா," என்றேன்.

"கோவமே இல்ல ஆன்ட்டி. ரொம்ப நிதானமாக் கேட்டாரு." மேஜைமேல் பாதி எழுதிக் கிடந்த சான்றிதழைப் பார்த்தாள். "இந்தக் கல்யாணத்துக்கு ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்னு மூணு வாரமும் ஆயர் வாசிச்சாரே. அதைப் பொண்ணு சொல்லலாமா?"

பதினோரு வருடத்தில் எத்தனையோ ஓலை எழுதியிருக்கிறேன், அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்பாவை நினைத்துப் பார், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, ஊர் என்ன பேசும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"சொல்லலாம்மா," என்றேன். "எழுதிக் குடுக்கணும்."

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என் பேனாவையே வாங்கி, அவள் எழுத ஆரம்பித்தாள்.