ஊசி போடாத முயல்

ஆறாம் கூண்டு முயலுக்கு, சூடாக்கிக் கொன்ற பாக்டீரியாவை ஆறு வாரமாக ஊசியில் ஏற்றினோம். ஏழாம் கூண்டு முயலுக்கு எதுவும் போடவில்லை. அது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். இன்று இரண்டின் ரத்தத்திலிருந்தும் சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பாக்டீரியாவோடு கலந்தேன். ஆறாம் முயலுடையது, பால் திரிந்த மாதிரி திரிதிரியானது. உள்ளே வந்த கிருமியோடு போராட உடம்பு செய்யும் எதிர்ப்பொருள் உருவாகிவிட்டது, சந்தோஷம். ஏழாம் முயலுடையதும் திரிந்தது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கூண்டு பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"முயலை மாத்திக் குடுத்துட்டீங்களா? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"இல்லம்மா. ஏழு பக்கத்துக் கூண்டுல சும்மாதான் இருந்துச்சு," என்றவர் இருமினார். "நீங்க கொன்ன கிருமி நெஜமாவே செத்துச்சான்னு பாத்தீங்களா?"

கொன்ற கிருமி மறுபடி வளர்கிறதா என்று முதல் வாரம் பார்த்ததோடு சரி. அப்புறம் பார்க்கவே இல்லை.

ரத்தம் எடுக்கச் சொல்லி அவர் கையை நீட்டினார். அவர் ரத்தத்தின் சீரமும் திரிந்தது. பிறகு என்னுடையதை எடுத்தேன். அதுவும் திரிந்தது.

என் குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது என்று காலையில் மாமியார் போன் செய்தார். "பல்லு முளைக்குது, வேற ஒண்ணுமில்ல" என்று எரிந்து விழுந்திருந்தேன்.