பாம்பு காத்த பதினோரு தூர்

பொழுது விடிந்ததும் அழகிரி வரப்பில் நின்று வட்டங்களை எண்ணினான். நேற்று ஏழு, இன்று பன்னிரண்டு. வெந்நீரை ஊற்றியது போல வட்ட வட்டமாகப் பயிர் கருகிச் சாய்ந்திருந்தது. புகையான் என்று பேர். கடுகளவு பூச்சிதான், பயிரின் அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். தை பிறக்க இருபது நாள் இருக்கையில், கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வந்து தொலைத்தது.

ஜீயபுரத்தில் அவன் குத்தகைக்கு உழுதது ஒன்றரை ஏக்கர். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் நிலக்காரர் ராஜகோபாலன் நல்ல மனுஷர்தான். ஆனாலும் போன வருஷம் விளைச்சல் போய்விட்டது. இந்தப் போகமும் போனால் நிலத்தை வாழை போடுகிறவருக்கு விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த மண்ணை விட்டால் அழகிரிக்கும் அவன் மனைவி இருளாயிக்கும் வேறு பிழைப்பு இல்லை.

பூச்சிமருந்துக் கடை சரவணன் சொன்னபடி மூன்று முறை அடித்தாகிவிட்டது. அதுவும் இரண்டு மருந்தைக் கலந்து, அளவுக்கு மேல். அடித்த மறுநாள் பூச்சி குறையும். பத்தாம் நாள் இரட்டிப்பாக வந்து நிற்கும். நடுவில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் சுப்ரஜா என்ற பெண் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, பூச்சியைத் தின்கிற சிலந்திதான் மருந்தில் முதலில் சாகிறது, நிறுத்துங்கள் என்று சொன்னாள். ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்குச் சேற்றைப் பற்றி என்ன தெரியும் என்று அழகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் நம்பரை இருளாயியிடம் கொடுத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

அழகிரிக்கு ஒரு கர்வம் உண்டு. வயலில் வேறு ரகச் செடி ஒன்று கலந்திருந்தால் அதைக் கலவன் என்பார்கள். பத்தடி தூரத்திலிருந்தே அதைக் கண்டுபிடித்துப் பிடுங்கிவிடுவான். கலப்பு நெல்லைக் காந்தி மார்க்கெட் வியாபாரி கையால் தொடமாட்டார் அல்லவா? நடவின்போது நாற்று போதாமல், பக்கத்து வயல்காரர் சின்னையன் வீட்டில் வேண்டாமென்று விட்டிருந்த நான்கு கட்டு நாற்றை இருளாயி கேட்டு வாங்கி வந்து, இடைவெளி விழுந்த இடமெல்லாம் ஊன்றியிருந்தாள். பேர் தெரியாத ஏதோ பழைய விதை. தண்டில் ஊதா ஓடியிருந்தது. இரண்டு நாள் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு அத்தனையையும் பிடுங்கி வரப்பில் எறிந்தான். வாய்க்கால் மூலைக்கு மட்டும் போகவில்லை. அங்கே நல்லபாம்பு கிடக்கிறது என்று இருளாயி சொல்லியிருந்தாள்.

இன்று நான்காவது முறை அடிக்கத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிட்டத்தில் தண்ணீர் மொள்ளலாம் என்று அந்த மூலைக்கே நடந்தான். பாம்பு கடித்தால் கடிக்கட்டும், இந்தக் கண்றாவியைப் பார்ப்பதற்கு அது மேல் என்றிருந்தது அவனுக்கு.

பாம்பு இல்லை. கருகிக் கிடந்த பயிருக்கு நடுவே ஊதாத் தண்டோடு பதினோரு தூர், கதிரும் பச்சையுமாக நின்றன. ஒன்றைத் தட்டிப் பார்த்தான். நாலைந்து பூச்சிதான் விழுந்தது. பக்கத்துத் தூரைத் தட்டினால் தவிடு கொட்டுவது போலக் கொட்டியது. இருளாயியைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போடச் சொன்னான்.

சுப்ரஜா ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். தூர் தூராகக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பூச்சி உறிஞ்ச ஆரம்பிச்சதும் நெல்லுச் செடியே தன் சாறுல அதுக்கு ஆகாத ஒரு பொருளைச் சுரக்குங்க. ஒரு ரகத்துல நிறைய, ஒரு ரகத்துல பேருக்குத்தான். நீங்க நட்டது ரெண்டாவது மாதிரி. இது முதல் மாதிரின்னு தோணுது. சோதிச்சுப் பார்க்கணும்."

"மத்த பயிரைக் காப்பாத்த வழி இருக்காம்மா?"

அவள் வயலைப் பார்த்தாள். "இந்தப் போகத்துக்கு இல்லைங்க."

இருளாயி அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். "பாம்பெல்லாம் இல்லைங்க. இடுப்பொடிய நட்டது. அம்புட்டையும் புடுங்கிருவீங்கன்னு மனசு கேக்காமத்தான் பொய் சொன்னேன்."

அழகிரி அவளைத் திட்டவில்லை. வரப்பில் சருகாகக் கிடந்த ஊதாத் தண்டுகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாம் அவன் கையாலேயே பிடுங்கியவை. ஆம்பிளை என்றும் பாராமல் அழுதான்.

அந்த நேரம் பார்த்துச் சின்னையன் வந்தார். அவர் வயலிலும் புகையான். எந்த மருந்து கேட்கும் என்று விசாரித்தார்.

"கடைக்குப் போகாதீங்கண்ணே. நீங்க வேண்டாம்னு விட்ட நாத்துதான் மருந்தா என் வயல்லயே மொளச்சு நின்னுச்சு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு நான்தான் அதைப் புடுங்கிப் போட்டேன். ஊரு முழுக்க ஒரே நெல்லை நட்டுட்டு அதுமேல வெஷத்தை ஊத்துனா, ஒரு பூச்சிக்கே ஊரு மொத்தமும் போயிரும். வயலுக்கு ரெண்டு ரகமாச்சும் நிக்கணும்ண்ணே. நான் கெட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க கேட்டுத் தெரிஞ்சுக்கங்க."

உடைக்காத மருந்துப் புட்டியைச் சரவணனிடமே திருப்பிக் கொடுக்கத் துண்டில் சுற்றிக்கொண்டான். அங்கிருந்து ஸ்ரீரங்கம் போய் ராஜகோபாலனிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். நிலம் நிற்குமோ போகுமோ, தெரியாது. இருளாயி பழைய சேலைக் கரையைக் கிழித்துப் பதினோரு தூரையும் விதைக்கென்று சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலெட்டு நடந்தவன் திரும்பி நின்றான்.

"அறுக்கற வரைக்கும் யாரு கேட்டாலும் அங்க பாம்பு இருக்குன்னே சொல்லு."