நாளுக்கு ஒரு சென்டிமீட்டர்

ஏழு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் சோலார் பேனல் பொருத்திக்கொண்டிருந்தவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குக் கீழே விழுந்தான். தரைக்கு வந்து சேர அவனுக்கு ஐந்து வருடமும் ஒன்பது மாதமும் ஆயின. மொத்தம் இருபத்து நான்கு பேனல்கள். இருபத்து மூன்று முடிந்துவிட்டன. கடைசிப் பேனலின் நான்கு கிளாம்புகளில் இரண்டை முடுக்கிவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டியபோது ஸ்பேனரைக் காணவில்லை. அது மேற்கு ஓரத்தில் கிடந்தது. இடுப்புப் பட்டையிலிருந்து போன பாதுகாப்புக் கயிறு அதுவரைக்கும் எட்டவில்லை, இரண்டு முழம் குறைந்தது. அவன் கொக்கியைக் கழற்றினான், நான்கு எட்டு நடந்தான், குனிந்தான். அந்தப் பக்கத்துச் சுவர் முழங்கால் உயரம்தான். கீழே நின்றிருந்த காவலாளி, ஒரு ஆள் விளிம்பைத் தாண்டி மல்லாந்து வருவதைப் பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெகுநேரமாகியும் சத்தம் ஏதும் வராததால் மறுபடி திறந்தார். ஆள் மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே, சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில், முதுகு தரையைப் பார்க்க, முகம் வானத்தைப் பார்க்கக் காற்றில் படுத்திருந்தான்.

அன்று மாலையே தீயணைப்பு வண்டி வந்தது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கட்டடத்தையே இழுப்பது போலிருந்தது. வலை கட்டினார்கள். சில நாட்களில் வலையின் நூல்கள் ஒவ்வொன்றாக விலகி அவன் முதுகுக்கு வழிவிட்டன. வேலையை மேற்பார்வை பார்த்த பெண் எப்போதும் இடுப்பில் அளவு நாடாவோடு திரிவாள், அதனால் எல்லோருக்கும் அவள் டேப். அவள்தான் பத்து நாள் விடாமல் அளந்து, நாளுக்குச் சரியாக ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறான் என்று கண்டுபிடித்தாள். மழையிலும் அதே ஒரு சென்டிமீட்டர், புயலிலும் அதே. அவனுக்குப் பசி இல்லை, தாடி வளரவில்லை. பேச்சு மட்டும் எப்போதும் போல இருந்தது. அவன் கையில் கொடுத்த கைபேசிகள் எதுவும் வேலை செய்யவில்லை. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர், விபத்து நடந்த தேதி என்ற கட்டத்துக்கு எதிரே கொஞ்சம் யோசித்து, 'நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போனார். நிறுவனம் மிச்ச வேலையைக் கைவிட்டது. இனி யாரும் மேல்தளத்தில் கால் வைக்கக்கூடாதென்று குடியிருப்போர் சங்கம் கதவுக்குப் பூட்டுப் போட்டது. ஒரு பேனல் பாதியில் நின்றதால் மற்ற இருபத்து மூன்றும் சும்மா வெயில் காய்ந்தன.

ஏழாம் மாடியில் ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஒருவர் தனியாக இருந்தார். அவர் கடைசியாக வீட்டுக்குள் வைத்து ஒருவரோடு பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒருவரும் தவறான கதவைத் தட்டியவர். ஜன்னலுக்கு வெளியே முதலில் ஒரு குதிகால் தெரிந்து, பிறகு முழு ஆளும் வந்து சேர்ந்தபோது அவர் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். நூற்றிருபது நாள் ஜன்னல். அதற்குள் அவர் தம் வாழ்க்கை முழுவதையும் சொல்லி முடித்து, விட்டுப்போனவற்றைத் திருத்தங்களாக மறுபடியும் சொன்னார். பேனல்காரன் ஜன்னலைத் தாண்டி இறங்கிய பிறகு தினமும் ஒரு கடிதத்தை நூலில் கட்டி இறக்கினார். அவன் படித்துவிட்டு நூலை இரண்டு தரம் இழுப்பான். மூன்றாம் வருடத்தில் ஒருநாள் கடிதம் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வீட்டில் வேறு யாரோ குடி வந்தார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டார்கள்.

ஒரு மாடிக்கு முந்நூறு நாள். அதில் நூற்றெண்பது நாள் வெறும் சுவர். எந்த இடத்தில் கொத்தனார் அவசரமாகப் பூசினார், எங்கே பெயிண்டின் கீழ் பழைய நிறம் தெரிகிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம் ஆயிற்று. அவன் மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவாள். அந்தந்த மாடிக்காரர்கள் மனமிரங்கி ஜன்னலைக் கொடுப்பார்கள். ஆனால் பிறத்தியார் வீட்டில், அவர்கள் பிள்ளைகள் பாடம் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, புருஷனோடு எதைப் பேசுவது? கரண்ட் வந்துச்சா, மழை நனைச்சுதா, உங்க அண்ணன் விசாரிச்சாரு. அவ்வளவுதான். எட்டு மணிக்கு அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிட உட்காரும் முன் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நான்காம் மாடி பூட்டிக் கிடந்தது. வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில். எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பேனல்காரன் இறங்கி வந்தபோது உள்ளே துணி போர்த்திய சோபாவும், கிழிக்காத நாட்காட்டியும், கண்ணாடியில் அவன் முகமும்தான் இருந்தன. மனைவி தெருவில் நின்று அண்ணாந்து கத்துவாள். அவன் பதிலுக்குக் கத்துவான். எதிர்க் கடைக்காரர் காதில் விழாத மாதிரி பாவனை செய்வார். இப்படி ஒரு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டேப்பின் வீட்டைத் தேடிப் போனாள்.

"எனக்குக் கயிறு கட்டித் தொங்கக் கத்துக்குடு."

"அக்கா, பல்பு மாத்த ஸ்டூல் மேல ஏறவே பயப்படுவீங்கன்னு அண்ணன் சொல்லியிருக்காரு."

"பயந்தான். என்ன பண்ணச் சொல்ற? ஜன்னல் பூட்டியிருக்கே."

டேப் கொஞ்ச நேரம் நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். பிறகு, இரண்டரை வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அன்று காலை பாதுகாப்புப் படிவத்தில் 'கொக்கி மாட்டியிருக்கிறதா' என்ற வரிக்கு எதிரே அவள் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே டிக் போட்டிருந்தாள். மேலே ஏறிப் பார்க்கவில்லை. கயிறு எட்டாத ஓரத்தில் கொக்கி மாட்ட இன்னொரு பிடிப்பு அடிக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாளைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மனைவி அந்த அளவு நாடாவை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "சரி. என்னோடத மேல வந்து பாத்துட்டு டிக் போடு" என்றாள்.

சங்கத்துச் செயலாளரிடம் நடையாய் நடந்து பூட்டைத் திறக்க வைத்தார்கள். டேப் கான்கிரீட் உத்தரத்தில் புதிதாக நான்கு பிடிப்புகள் அடித்தாள். இரண்டு கயிறு, இரண்டும் வெவ்வேறு பிடிப்பில், ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி. விளிம்பில் கயிறு உராய்ந்து அறுந்துபோகாமல் இருக்கப் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து போர்த்தினாள். காற்றடித்தால் அன்று கிடையாது. ஈரமிருந்தால் அன்று கிடையாது. மூன்று வாரம் மனைவி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு இரும்புக் கம்பத்தில் தொங்கிப் பழகினாள். முதல் வாரம் முழுக்க வாந்தி எடுத்தாள். நான்காவது வாரம் விளிம்பைத் தாண்டினாள்.

புருஷனுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அவள் கண் இறுக மூடியிருந்தது.

"கண்ணத் தொற."

"தொறந்தா கீழ தெரியும்."

"கீழ பாக்காத. மேல பாரு. நான் ரெண்டர வருஷமா அதத்தான் பாத்துட்டு இருக்கேன்."

அவள் பார்த்தாள். மேகம் ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை, மேசை இல்லை, பிள்ளைகள் இல்லை. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அன்னிக்குக் காலைல நான் சொன்னதாலதான் கொக்கி மாட்டாம போனீங்களா?"

"என்ன சொன்ன?"

"சண்டை போட்டமே. எங்கயாவது போய்த் தொலைங்கன்னு சொன்னேன்."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவன் நெற்றி சுருங்கியது. "ஸ்பேனர் அந்தப் பக்கம் கெடந்துச்சு. கயிறு எட்டல. ஆள் கூப்பிட்டு வேற எடத்துல மாட்டச் சோம்பேறித்தனம். அவ்ளோதான். நீ சொன்னது என் காதுலயே விழல."

தொள்ளாயிரத்துச் சொச்சம் நாளாக அவள் இஸ்திரிப் பெட்டியோடு அந்த ஒரு வாக்கியத்தையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது அவனை எட்டவே இல்லையாம். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. "கூடக் குடித்தனம் பண்றவ என்ன சொல்றான்னுகூடக் கேக்க மாட்டீங்களா?" என்றாள். நான்காம் மாடி உயரத்தில், அவள் இரண்டு கயிற்றில் தொங்க, அவன் காற்றில் படுத்திருக்க, அன்றைய சண்டையை இருவரும் விட்ட இடத்திலிருந்து முழுதாகப் போட்டு முடித்தார்கள். மேலே விளிம்பில் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த டேப், வேறெங்கோ பார்த்தாள்.

நான்காம் மாடியில் மிச்சமிருந்த எட்டு மாதமும் வாரம் மூன்று நாள் அவள் இறங்கினாள். கயிறு கைக்குப் பழகிவிட்டது. சலவைப் பிரிவை விட்டுவிட்டு டேப்போடு வேலைக்குச் சேர்ந்தாள். வெயில் பட்டவுடனேயே பேனலில் மின்சாரம் ஓடும், அதனால் வயரைத் தொடுமுன் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்று கற்றாள். ஒற்றை ஆளாகப் பேனலைத் தூக்கக்கூடாது, காற்று அதைப் பாய்மரம் ஆக்கிவிடும் என்று கற்றாள். ஒரு வெள்ளிக்கிழமை பேனல்காரன் மூன்றாம் மாடிக்கு வந்திருந்தபோது மேல்தள விளிம்பில் அவள் தலை தெரிந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தாள்.

"என்ன பண்ற அங்க?"

"நீங்க பாதில விட்டத முடிக்கிறேன்."

"ரெண்டு கயிறும் கட்டிருக்கல்ல?"

"கட்டாம ஏறினா என்ன ஆகும்னுதான் ஒருத்தர் அந்தரத்துல படுத்துக் காட்டுறாரே."

சாயங்காலம் கட்டடத்தின் படிக்கட்டு விளக்குகள் அந்தப் பேனல்களின் மின்சாரத்தில் எரிந்தன. குடியிருப்போர் சங்கம் தேநீர் கொடுத்தது. அவன் தேநீர் குடிக்கவில்லை, மூன்றாம் மாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வேலை பெருகியது, வெளியூர்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். வாரம் மூன்று நாள் என்பது ஒரு நாளாயிற்று, பிறகு எப்போது முடியுமோ அப்போது. அவள் வேறு வேறு கூரைகளில் ஏறிக்கொண்டேயிருந்தாள், அவன் இறங்கிக்கொண்டேயிருந்தான்.

முதல் மாடிக்கு வந்தபோதுதான் எல்லோருக்கும் பயம் வந்தது. நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் விழுந்தவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று ஒரு கட்சி. அவ்வளவு உயரத்து அடியும் தரையில் காத்துக்கொண்டிருக்கலாம், அது எங்கேயும் போய்விடவில்லை என்றார் பார்க்க வந்த மருத்துவர். அவன் முதுகுக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்த அன்று மனைவி ஒரு வாரம் விடுப்பு எடுத்து வந்து பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டாள்.

"நீ தள்ளி இரு" என்றான் அவன்.

"எதுக்கு? ஆறு வருஷமா தள்ளித்தான இருக்கேன்."

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, டேப் சொன்ன நேரத்தில், இடது தோள் தரையைத் தொட்டது. மனைவி இரண்டு கையையும் அவன் தலைக்கு அடியில் வைத்திருந்தாள். ஆம்புலன்ஸ் நின்றிருந்தது, ஏழு மாடி ஜன்னல்களிலும் ஆட்கள். ஒன்றும் ஆகவில்லை. முழு உடம்பும் தரையில் படிய இன்னும் இரண்டு நாள் பிடித்தது. மருத்துவர் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். இடது முழங்கையில் ஒரு சிறிய சிராய்ப்பு, அதற்கு மருந்து போட்டார். டேப் படிவத்தை எடுத்து, குனிந்து, தன் கண்ணால் பார்த்து, டிக் போட்டாள்.

அவனைத் தூக்கி உட்கார வைத்தபோதுதான் மனைவியின் முகத்தை அவன் நேருக்கு நேர் பார்த்தான். விழும்போது அவனுக்கு முப்பத்து மூன்று, அவளுக்கு முப்பது. அவன் அப்படியே இருந்தான். அவள் காதோரம் நரைத்திருந்தது. "இனிமே நான்தான் உன்ன நீங்கன்னு கூப்பிடணும் போல" என்றான். அவள் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தரைத்தளத்தில் இரண்டறை வீடு பார்த்தார்கள். அவள் காலையில் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவனை எந்தக் கூரையிலும் ஏற்ற யாரும் தயாராக இல்லை, அவனும் கேட்கவில்லை. அசையாத கூரைக்குக் கீழே படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டாவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கையிலிருந்து தண்ணீர் டம்ளர் நழுவியது. சத்தம் வராததால் அவள் நிமிர்ந்து பார்த்தாள். டம்ளர் மேசை விளிம்புக்குக் கீழே சாய்ந்த வாக்கில் நின்றது, தண்ணீர் சிந்தாமல்.

"நீங்க போட்டதா?"

"கை தவறிடுச்சு."

அவள் குனிந்து அடியில் பார்த்தாள். "எழுபது நாள் ஆகும்" என்று சொல்லி, தன் நாற்காலியை அந்தப் பக்கம் கால் படாதபடி சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று பொருள்கள் இறங்கிக்கொண்டிருந்தன: ஒரு சட்டைப் பொத்தான், சீப்பு, பேனா மூடி. அவள் பெருக்கும்போது அவற்றைச் சுற்றிக்கொண்டு பெருக்குவாள். பகலில் வீட்டில் யாருமில்லாத நேரம் அவன் நாற்காலியை அவற்றுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுத் துணைக்கு உட்கார்ந்திருப்பான், சில சமயம் பேசவும் செய்வான். மாலையில் அவள் வந்து, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, இன்றைக்கு எது வந்து சேர்ந்தது என்று கேட்பாள்.

"சீப்பு" என்பான் அவன். அவள் அதை எடுத்துத் தலை வாரிக்கொள்வாள்.