சுற்றுவதெல்லாம் சக்கரவர்த்திக்கு

1984-ஆம் ஆண்டு ஆடி மாதம் மங்கம்மாளுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அதற்கு முன் அவளுக்கு வந்த தபால்களே இரண்டே இரண்டு, இரண்டும் கல்யாணப் பத்திரிகை. ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் மலைப்பாதையில் நடந்து வந்த தபால்காரர் கோபால்சாமி, அவரே உறையைப் பிரித்து, வக்கீல் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொன்னார்.

“நீ வெச்சிருக்கிற சாமை மிஷின் திருப்பத்தூர் சக்கரவர்த்தின்றவரோடதாம்.”

“இன்னாங்க இது! அந்தாள நான் கண்ணால பாத்ததில்ல. நான் பண்ணது எப்படி அவரோடது ஆவும்?”

அந்த மிஷின் உருவாக மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு மரவட்டுகள், அவற்றின் மேல் பழைய லாரி டயரின் ரப்பர், சுற்ற ஒரு ஓட்டை சைக்கிளின் பெடலும் செயினும். நடுவில் சாமையைப் போட்டு மிதித்தால் உமி கழன்றுவிடும், அரிசி உடையாது. ஊரில் நான்கு பெண்கள் அதைப் பார்த்துச் செய்துகொண்டார்கள். எப்படிச் செய்வதென்று காட்டிக்கொடுத்ததே மங்கம்மாள்தான்.

சக்கரவர்த்தி வாங்கியிருந்த காப்புரிமை இப்படி இருந்தது: ‘சுழலும் பாகம் ஒன்றைக் கொண்டு, எந்த விளைபொருளிலிருந்தும் வேண்டாத பகுதியை நீக்கும் எந்தச் சாதனமும்.’ உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மிஷினை நிறுத்த வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வழக்கு.

அவள் கணவன் சடையன் பயந்துவிட்டான். “நமக்கு எதுக்கு கோர்ட்டு? கழட்டிப் பரண்ல போட்டுடு.”

கழற்றிப் போட்டாள். பத்து நாள் உலக்கை பிடித்தாள். பதினோராம் நாள் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே பரண் ஏறினாள். “வர்றது வரட்டும் மாமா” என்று சொல்லிவிட்டு மிஷினை மறுபடி பூட்டினாள்.

வழக்கு வந்தது.

போளூர் வக்கீல் துரைக்கண்ணுவிடம் போனார்கள். வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் தவிர வேறெதையும் பார்த்திராத அவர், காகிதத்தை மூன்று முறை படித்துவிட்டுச் சிரித்தார்.

“இந்தாளு மிஷினுக்குப் பேட்டன்ட் வாங்கலம்மா. சுத்துறதுக்கே வாங்கிட்டான்.”

வேலூர் கோர்ட் வராந்தாவில்தான் மங்கம்மாளுக்கு முதல் தெம்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கையிலும் அதே மாதிரிக் காகிதம் இருந்தது. கண்ணமங்கலம் சம்பூர்ணம், வேர்க்கடலை உடைக்கும் மிஷின் வைத்திருப்பவள். அவளுக்கு அடுத்து போளூர் பாண்டுரங்கன்.

“உங்களுது இன்னா மிஷினுங்க?” என்று கேட்டாள் மங்கம்மாள்.

“கரும்பு ஜூஸும்மா. சக்கை வேண்டாத பகுதியாம். சர்பத் கடைக்காரன் மேல கேஸு!”

எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். அன்று மதியத்துக்குள் ஒன்பது வக்காலத்தும் துரைக்கண்ணுவிடம் வந்துவிட்டது. மனிதர் உற்சாகத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சாட்சிக்கூண்டில் ஏறிய சக்கரவர்த்தியைப் பார்த்ததும் மங்கம்மாளுக்குச் சப்பென்று ஆனது. கொடுமைக்காரன் போல ஒருவரை நினைத்திருந்தாள். வந்தவரோ கண்ணாடியை அடிக்கொருதரம் துடைக்கும் ஒல்லி மனிதர்.

“சாமை உமி போவணும்னா ரெண்டு வட்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி விடணும்?” என்று கேட்டார் துரைக்கண்ணு.

“அது... தானியத்தைப் பொறுத்ததுங்க.”

“நீங்க செஞ்ச மிஷின்ல எவ்ளோ விட்டீங்க?”

சக்கரவர்த்தி கண்ணாடியைத் துடைத்தார். “நான் மிஷின் செய்யலீங்க. எண்ணம்தான் என்னோடது.”

நீதிபதி நிமிர்ந்தார். “என் வீட்டில் திருகையில் உளுந்தை உடைத்துத் தோல் நீக்குகிறார்கள். அதுவும் இவருடையதா?”

சக்கரவர்த்தியின் வக்கீல் யோசித்துவிட்டு, “கொள்கை அளவில், ஆமாம் அய்யா” என்றார். டவாலிச் சேவகர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒன்பது வழக்குகளும் தள்ளுபடி ஆயின. திருகை காலங்காலமாகச் செய்துவரும் வேலையைப் புதுக் கண்டுபிடிப்பு என்று ஒருவர் உரிமை கொண்டாட முடியாது, இந்தக் காகிதத்தைப் படித்து யாராலும் ஒரு மிஷினும் செய்ய முடியாது என்று தீர்ப்பு சொன்னது.

பாண்டுரங்கன் விசிலடித்தான். மங்கம்மாளும் சடையனும் போளூர் பஸ்ஸுக்கு நின்றபோது சக்கரவர்த்தி தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

“அகலமா எழுது, ஊர்ல இருக்கிற எல்லா மிஷினும் உனக்குக் கப்பம் கட்டும்னு ஒருத்தன் சொன்னாம்மா. கேட்டுட்டேன். நெஜமாவே ஒண்ணு செய்யணும்னுதான் ஆரம்பிச்சேன். அரிசி உடையாம எப்படிம்மா எடுக்கிற?”

சடையன் முறைத்தான். மங்கம்மாளுக்குக் கோபம் வர வேண்டும். பத்து நாள் உலக்கை ஞாபகம் இருந்தது. ஆனால் மூன்று வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆம்பளை இவர்தான்.

“மலைக்கு வாங்க, காட்றேன்” என்றாள். “வக்கீலக் கூட்டிக்கினு வராதீங்க.”

தை மாதம் வந்தார். உமி ஒட்டிய சட்டையோடு அரை நாள் மிதித்தார். ஊருக்குப் போய் அவரே ஒன்று செய்தார். அது சாமையை மாவாக்கியது. என்ன தப்பு என்று கேட்டு ஒரு கார்டு போட்டார். கோபால்சாமி படித்துக் காட்ட, மங்கம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பதிலுக்கு ஒரே வரி எழுதச் சொன்னாள்: ‘ரப்பர் பத்தலை.’