கோட்டின் வலது கை

கோட்டை என் அளவுக்கு வெட்டி, தைத்து, இஸ்திரியும் போட்ட பிறகுதான் அம்மா என்னிடம் கேட்டாள்.

"ஸ்கூல் தலைவிக்கு நிக்கிறியாடி?"

அம்மா அப்படித்தான். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பசிக்கிறதா என்று கேட்கிற ஆள்.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அம்மாவின் கடையில்தான் தைப்பது. கடை என்றால் வீட்டு முன்னறைதான். இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுப் பலகை, ஆளுயரக் கண்ணாடி. மாணவத் தலைவியின் கோட்டும் இங்கேதான் வரும். கருநீலம், கழுத்தோரம் பொன்னிற நூல். பள்ளிக்கே அது ஒன்றுதான் உண்டு. பழைய தலைவி கழற்றிக் கொடுப்பாள், புதியவளின் உடம்புக்கு ஏற்ற மாதிரி அம்மா பிடித்துக் கொடுப்பாள். மிச்சத் துணியை எப்போதும் உள்ளே மடித்துத்தான் தைப்பாள். அடுத்து வருகிறவள் பூசினாற்போல் இருந்தால் பிரித்துவிட வேண்டுமே. இந்த முறை மடிக்கவில்லை. வெட்டிவிட்டாள். நீலத் துண்டுகள் பலகைக்கு அடியில் கிடந்தன.

"ஏம்மா வெட்டின? வேற யாராவது ஜெயிச்சா என்ன பண்ணுவ?"

"வேற யாருடி நிக்கிறா?"

அதுதான் விஷயம். யாருமே நிற்கவில்லை. மற்ற வருடங்களில் அடிதடியாக இருக்கும். மிட்டாய் கொடுத்து ஓட்டுக் கேட்பார்கள், சிநேகிதிகள் முகம் திருப்பிக்கொண்டு போவார்கள். இந்த வருடம் பெயர் கொடுக்கச் சொன்னபோது வகுப்பு முழுக்கத் தரையைப் பார்த்தது.

காரணம் மைக் அக்கா. போன தலைவி. மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவர் காதிலும் அவள் குரல் விழும், அதனால் அந்தப் பட்டப்பெயர். விடுமுறைக்குச் சற்று முன்னால் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாடித் தாழ்வாரத்திலிருந்து விழுந்துவிட்டாள். மறுநாள் காலைக் கூட்டத்தில் மைக் அக்கா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறி, "கம்பி நல்லாத்தான் இருந்துச்சு. அவதான் மேல ஏறி விளையாடினா" என்றாள். கையில் நிஜ மைக் இருந்தும் குரல் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவே இல்லை. கோட்டு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்தச் சிறுமி விழுந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். மாடிக் குழாயடியில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏறவில்லை. சாய்ந்துதான் நின்றாள். கம்பி சுவரோடு பெயர்ந்து வந்தது. முதலில் ஓடிவந்த தலைமை ஆசிரியை கீழே எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாயை மூடிட்டு இரு" என்றாள் அம்மா.

கோட்டு வந்த அன்று அதை விரித்துப் பார்த்தாள். வலது கையின் ஓரம் நார் நாராகப் பிய்ந்திருந்தது.

"எலி" என்றாள்.

எலி கடித்த துணி இந்த வீட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்டைதான் விழும். இது நசுங்கி, எச்சில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. அம்மா அந்த ஓரத்தை உள்ளே தள்ளித் தைத்து முடித்தாள்.

அன்று மூடச் சொன்ன அதே வாயை இப்போது மேடையேற்றச் சொல்கிறாள்.

"உனக்கு என்னடி குறைச்சல்? என்கிட்ட சண்டை போடறப்ப மூச்சு விடாம பேசற. அதை நாலு பேர் முன்னாடி பேசு. தையல்காரின்னு கூப்பிட்டவங்கல்லாம் தலைவியோட அம்மான்னு கூப்பிடட்டும்."

மறைப்பானேன், எனக்கும் ஆசை வந்தது. கண்ணாடி முன்னால் கோட்டைப் போட்டதும் தோள் தானாக நிமிர்ந்தது. இடுப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. அம்மாவின் கை அப்படி.

அன்று சாயங்காலம் தலைமை ஆசிரியை கடைக்கு வந்தார். இதற்கு முன் அவர் வந்ததே இல்லை, ஆள்தான் அனுப்புவார். என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, அவரே பொத்தான்களைப் போட்டுவிட்டார். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கேம்மா."

"நான் இன்னும் பேர் குடுக்கல மேடம்."

"அதை நான் பாத்துக்கறேன்."

பிறகு குனிந்து ஒரு நீலத் துண்டை எடுத்துப் பார்த்தார். "வெட்டிட்டீங்களா? அப்ப வேற யாருக்கும் இது சேராதே" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவின் முகம் வெளுத்தது. பெருமையில் வெட்டியது எதில் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாசல்படியில் நின்று திரும்பி, "அடுத்த வருஷ யூனிஃபார்மும் நீங்கதானே?" என்று கேட்டார். ஒரு நாளும் கேட்காத கேள்வி. அம்மா அவசரமாகத் தலையாட்டினாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக மைக் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, சங்கிலியை எடுக்காமலே பேசினாள்.

"கோட்டு உங்கிட்டயா இருக்கு?"

"ஆமாக்கா."

"கை சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"எனக்கும் சரியாத்தான் இருந்துச்சு."

அந்தத் தொண்டையிலிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை. காதைக் கதவோடு வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"கம்பி ஆடுதுன்னு மேடம்கிட்ட நாந்தான் போய்ப் போய்ச் சொன்னேன். விழுந்த அன்னிக்கு என்னைக் கூப்பிட்டு, 'நீ சொன்னாத்தான் பிள்ளைங்க நம்பும்'னாங்க. சொன்னேன். நம்பிட்டாங்க."

"அந்தப் பொண்ணு எப்படிக்கா இருக்கா?"

"இன்னும் எழுந்து உக்கார முடியல. அவங்க அப்பா விடாம அலைஞ்சு வெளியிலேருந்து விசாரணைக்கு ஆள் வர வைக்கிறார். நான் இனிமே பொய் சொல்லமாட்டேன்னு மேடத்துக்குத் தெரியும். நேர்ல பாத்தது நீ ஒருத்திதான்னு மேடமே அன்னிக்குச் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "தலைவியா ஆனா உன் வாய் அவங்களோடது."

கதவு மூடிக்கொண்டது.

அதோடு நான் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை நான் கொடுக்காத என் பெயரை வாசித்தார். எல்லாக் கையும் ஒரே சமயத்தில் உயர்ந்தது. அவர்கள் முகத்தில் சந்தோஷம் இல்லை, தப்பித்த நிம்மதிதான் இருந்தது. கைதட்டல் அடங்கியதும், கடையிலிருந்து ஆள் அனுப்பி வாங்கி வைத்திருந்த கோட்டை எனக்குப் போட்டுவிட்டுத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

"நாளைக்கு விசாரணைக்கு வராங்கம்மா. நீ அங்கதானே இருந்த? தலைவியே பாத்தேன்னு சொன்னா முடிஞ்சுது."

"என்ன சொல்லணும் மேடம்?"

"போன தலைவி சொன்னதையே சொல்லு." கோட்டின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் கோட்டைக் கழற்றாமலே கண்ணாடி முன் நின்றேன். அம்மா மெஷினில் இருந்தாள்.

"கம்பி நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"சத்தமா சொல்லு" என்றாள், தலையைத் தூக்காமல்.

"அம்மா, நான் பாத்தேனே. உன்கிட்டதானே சொன்னேன். அவ சாய்ஞ்சுதான் நின்னா."

மெஷின் நின்றது. இப்போது சொல்வாள், இந்த எழவு கோட்டு நமக்கு வேண்டாம் என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். அவள் சொல்லியிருந்தால் நான் விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"கழட்டு" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அவசர அவசரமாகக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதன் வலது கையைப் பிடித்தாள். ஓரம் நனைந்திருந்தது. எப்போது வாயில் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மா அந்த ஈரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். எலி இல்லை என்று இவளுக்கு அன்றைக்கே தெரியும்.

பலகைக்கு அடியில் கை விட்டு, வெட்டிப் போட்ட நீலத் துண்டுகளில் ஒன்றை எடுத்தாள். அதை மடித்து, மறுபடி மடித்து, கையின் ஓரத்துக்குள் வைத்து நெருக்கமாகத் தையல் ஓட்டினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கண்ணெல்லாம் நீர்.

"இனிமே எவ்வளவு கடிச்சாலும் பிய்யாது" என்று கோட்டை விரித்துப் பிடித்தாள். "போடு. கை சரியா இருக்கா பாரு."

நான் கையை உள்ளே விட்டேன். சரியாகத்தான் இருந்தது.