பட்டியலில் வராத ஒன்பது பேர்

பெரிய வியாழனன்று காலை எட்டே முக்காலுக்கு படகுத்துறையிலிருந்து நோங் டாடோ போன் செய்தார். டிக்கெட் கவுன்ட்டரின் தலைவர் அவர்; எங்களுக்கெல்லாம் நோங், அதாவது அண்ணன். அவருக்குக் கீழே ஒன்பது வருஷம் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள் நான். போன வருஷம்தான் ஊருக்குள் லா பாஸ் பகுதியில் இருக்கும் எங்கள் படகுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்கு மாறினேன். இன்னும் எதற்கும் முதலில், 'இந்தாய்' என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், என்னைத்தான் கூப்பிடுவார்.

"இந்தாய், பட்டியல்ல நூத்தி நாப்பத்தி மூணு பேர். துறைமுக அதிகாரி தலைய எண்ணிட்டு நூத்தியம்பத்தி ரெண்டுங்கறார். படகு கெளம்பக் கூடாதுங்கறார். ஒம்பது பேர் எங்கேருந்து மொளைச்சாங்க?"

"நோங், மடியில கொழந்தைங்க எத்தனை?"

"இரு." பின்னால் ஒரே கூச்சல். எதிர்க்கரை பகோலோட் போகிற கூட்டம், ஈஸ்டருக்கு ஊருக்குப் போகும் அவசரம். "ஒம்பது. உனக்கெப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன்," என்றேன்.

சும்மா இல்லை. எண்ணைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மடிக் குழந்தைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பெயர் பயணிப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் படகில் எத்தனை உயிர் என்று கணக்கு. கட்டணம் இல்லாத வரியை எங்கள் நிரல் ஒரு காலத்தில் விழுங்கிவிடும். அந்தப் பிழையைப் போன வருஷம் சரி செய்தவள் நான். இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. ஏன் வந்தது என்றும் எனக்குத் தெரியும்.

படகு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றது.

பத்து மணிக்கு எங்கள் மேலாளர் மேம் பெர்லா அறைக்குள் வந்தார். நேராக ரெனான்தேயின் மேசைக்குப் போனார். அவன் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு.

"நேத்து சாயங்காலம் புது வெர்ஷன் ஏத்தினது யாரு?"

"நான்தான் மேம்."

"என்ன மாத்தினே?"

"நிரல்ல ஒரு வரி கூட மாத்தல மேம். அதைப் பொட்டலமா கட்டற விதத்தை மட்டும்தான் மாத்தினேன். இதுவரைக்கும் ஆளாளுக்கு அவங்க லேப்டாப்ல கட்டி ஏத்தினாங்க. இப்போ எல்லாரும் நிரலைச் சேத்து வெக்கிற கிட்ல இருக்கறதை எடுத்து சர்வரே கட்டுது."

"ஒரு வரி மாத்தலைன்னா என் படகு ஏன் நின்னுச்சு?"

"தெரியல மேம். ஈஸ்டர் முடிஞ்சப்புறம் ஏத்தலாம்னு கேட்டேன்…"

"கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஏத்துன்னு நான்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கு. கொழந்தைங்களை விட்டுட்டு ஏத்துன்னு சொன்னேனா?" மேம் பெர்லா குரலை உயர்த்தவே மாட்டார். "பழசைத் திருப்பிப் போடு. திங்கக்கெழமை எட்டு மணிக்கு எனக்குக் காரணம் வேணும். காரணம் இல்லைன்னா உன் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் பழைய ஜாரைத் திருப்பிப் போட்டான். குழந்தைகள் பட்டியலில் வந்தார்கள். புதியதைப் போட்டுப் பார்த்தான். மறைந்தார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் மூன்றடி தள்ளி என் மேசையில், திரையில் ஏதோ படிப்பதுபோல் இருந்தேன்.

ஜாவாவில் நாங்கள் எழுதுவதெல்லாம் கடைசியில் ஜார் என்ற ஒரே பொட்டலமாகக் கட்டப்படும். அந்தப் பொட்டலம்தான் ஓடும். எழுதி வைத்திருப்பது ஓரிடம், ஓடுவது வேறிடம். ஓடிக்கொண்டிருக்கும் வரை இரண்டும் ஒன்றுதானா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

போன வருஷம் ஏப்ரலில் நான் கவுன்ட்டரில்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், வீடியோ பார்த்து ஜாவா கற்றுக்கொண்டிருந்தேன் என்பது யாருக்கும் தெரியாது. குழந்தைகள் விடுபடுவதைக் கவனித்து, நிரலைக் கெஞ்சி வாங்கிப் படித்து, பிழை இருந்த இடத்தை நானே கண்டுபிடித்தேன். ஆனால் முழுசாகக் கட்டத் தெரியவில்லை. கட்டச் சொன்னால் எங்கெங்கிருந்தோ நூலகங்களை இறக்கி, பாதியில் சிவப்பாக நின்றுவிடும். ஜார் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான் என்று எங்கோ படித்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த ஜாரைத் திறந்து, நான் திருத்திய ஒரே ஒரு கிளாஸ் கோப்பை உள்ளே செருகி, மூடி, அதே வெர்ஷன் எண்ணிலேயே திருப்பி வைத்தேன். வேலை செய்தது.

மேம் பெர்லா எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டி இந்த மேசையைக் கொடுத்தார். கவுன்ட்டர் பெண்கள் பான்சித் மோலோ சூப் சமைத்துக் கொண்டுவந்தார்கள். திருத்திய மூல நிரல் கவுன்ட்டர் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. ஜூலையில் அந்த கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாக்கினார்கள். கிட்டில் இருந்தது பிழையோடு இருந்த பழையதுதான். அதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. செய்தது எவ்வளவு அசிங்கம் என்பதும் தெரிந்திருந்தது. படித்துவிட்டு வந்தவர்கள் நடுவே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஜாரை யாரும் புதிதாகக் கட்டாதவரை ஓடும் என்று விட்டுவிட்டேன்.

இதுகூடப் பெரிதில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ரெனான்தே எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டான். "கிட்ல இல்லாதது எதாச்சும் யாருகிட்டயாச்சும் இருக்கா? கையால மாத்தினது, லேப்டாப்ல தனியா வெச்சது, எதுவா இருந்தாலும் சரி. இப்பவே சொல்லிடுங்க, நான் திட்ட மாட்டேன்." ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என்னிடம் வந்தபோது நான் இல்லை என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை அவன் போன் செய்தான். என்னை அக்கா என்ற மரியாதையில் நாங் என்பான். "நாங் ஜெம்மா, லீவு நாள்ல கூப்பிடறேன்னு கோச்சுக்காதீங்க. இந்தப் பட்டியல் சமாச்சாரம் உங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் வர முடியுமா?"

போனேன். குய்மாராஸ் தீவிலிருந்து முதல் படகில் வந்திருந்தான். மனைவி கட்டிக்கொடுத்த இபோஸை ஓலையோடு என் பக்கம் நகர்த்தி வைத்தான். ஒட்டும் அரிசி, இன்னும் சூடாக இருந்தது. ஒன்றை எடுத்து, பிரிக்காமலே திருப்பி வைத்தேன்.

"ரெண்டு ஜாரையும் பிரிச்சு வெச்சிருக்கேன்," என்றான். "ஒவ்வொண்ணுலயும் நானூத்திப் பன்னெண்டு கோப்பு. கைரேகை எடுத்து ஒப்பிட்டா ஒண்ணு கூட ஒத்துப்போகல. பழைய ஜாரை எந்த கம்பைலர்ல கட்டினாங்கன்னு தெரியல. அது தெரிஞ்சா அதே கம்பைலர்ல நானும் கட்டுவேன். மாறாதது எல்லாம் ஒத்துப்போயிடும், மாறினது மட்டும் நிக்கும்."

நிரலை ஓடும் கோப்பாக மாற்றும் கருவிதான் கம்பைலர்; அதில் ஒவ்வொரு வெர்ஷனும் கொஞ்சம் வேறு மாதிரி மாற்றும். எது என்று எனக்குத் தெரியும். அவன் ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை நானூற்றுப் பதினொன்று ஒத்துப்போயின. ஒன்று நின்றது. பயணிப் பட்டியல்.

"அம்மாடி," என்று நாற்காலியில் சாய்ந்தான். "இங்க பாருங்க நாங். மத்த எல்லாத்துலயும் ஜனவரி தேதி. இதுல மட்டும் ஏப்ரல். யாரோ ஜாரைத் திறந்து கையால சொருகியிருக்காங்க. சுவத்தை இடிச்சு ஜன்னல் வெச்சுட்டு, வீட்டு வரைபடத்துல எழுதாம விட்ட மாதிரி. ஏப்ரல்ல இங்க யாரு இருந்தா? சிங்கப்பூர் போனாரே, நோங் ரோமெல், அவரா?"

"இருக்கலாம்," என்றேன்.

ஒரு வார்த்தை. ரோமெல் நான் இந்த அறைக்கு வந்த புதிதில் கைபிடித்து வேலை சொல்லித்தந்தவர். கிளம்பும்போது அவருடைய விசிறியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அந்த விசிறி என் மேசையில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

ரெனான்தே அறிக்கையில் ரோமெலின் பெயரைத் தட்டினான். பிறகு, திருத்தத்தை மீட்க வேண்டுமே என்று, அந்தக் கிளாஸ் கோப்பிலிருந்து நிரலைத் திரும்ப எடுக்கும் கருவியில் போட்டான். வரிகள் திரையில் வந்தன. என் வரிகள். ஒரு வருஷத்துக்கு முன் நான் எவ்வளவு சுற்றிவளைத்து எழுதியிருந்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. பழகாத கை, ஆனா தப்பில்ல." கீழே இறங்கிப் படித்துக்கொண்டே போனவன் நின்றான். "மடிக் கொழந்தைக்கு 'சபாக்'னு பேர் வெச்சிருக்காங்க. நோங் ரோமெல் எல்லாத்தையும் இங்கிலீஷ்லதானே எழுதுவார்? சபாக்னு கவுன்ட்டர்லதானே சொல்லுவாங்க?"

நான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அறிக்கைக்குப் போய் ரோமெலின் பெயரை எழுத்தெழுத்தாக அழித்தான். அந்த இடத்தை வெறுமையாக விட்டான்.

"என் பொண்ணும் மடியிலதான் வர்றா, எட்டு மாசம்," என்றான், எதற்கோ பதில் சொல்வதுபோல. "சரி நாங், எனக்குப் படகுக்கு நேரமாச்சு. இதை திங்கக்கெழமை வரைக்கும் யாருக்கும் அனுப்ப மாட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். கதவுவரை அவன் மெதுவாகத்தான் நடந்தான். மீதி இபோஸை எனக்காகவே மேசையில் விட்டுப் போனான். ஞாயிறு முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் எட்டு மணிக்கு மேம் பெர்லா அறிக்கையை நின்றபடியே படித்தார். "ஜாரைத் திறந்து சொருகினது. சரி. அதனாலதான் நீ சுத்தமா கட்டினதும் திருத்தம் காணாம போச்சு. புரியுது. யாரு சொருகினதுன்னு ஏன் போடல?"

"என்னால நிரூபிக்க முடியல மேம்."

"இது நல்லா இருக்கே. யாரோ எவரோ, உன்மேல தப்பில்ல."

"என் தப்பும் இருக்கு மேம். ஏத்தறதுக்கு முன்னாடியே பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாத்திருக்கணும். கொழந்தைக்குன்னு ஒரு சோதனை கூட இல்ல. அதையும் நான் பாக்கல."

"அப்போ பொறுப்புன்னு எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்தான்," என்று அவர் அறிக்கையை மூடினார்.

"நான்தான் மேம்," என்றேன். குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. அதனால் மறுபடியும் சொன்னேன். "சொருகினது நான்தான். போன ஏப்ரல்ல. கிட்ல போடவே இல்ல."

அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ரெனான்தே மட்டும் திரும்பவில்லை.

"அந்தத் திருத்தத்துக்குத்தானே உனக்கு இந்த மேசை குடுத்தேன்?"

"ஆமா மேம்."

"எப்படிச் சரி பண்ணேன்னு அன்னிக்கு நான் கேக்கல. கேட்டிருக்கணும்." கண்ணாடியைக் கழற்றினார். "போகட்டும், அப்போ உனக்குத் தெரியாது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இவன் எல்லாரையும் கேட்டானே. அப்போ?"

"இல்லைன்னு தலையாட்டினேன்."

"வியாழக்கெழமை நான் இவனைக் கேட்டப்போ?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"சனிக்கெழமை?"

ரோமெல் பெயருக்கு இருக்கலாம் என்று சொன்னதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சொல்லும்போதுதான் அது எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது.

மேம் பெர்லா என்னைத் திட்டவில்லை. ரெனான்தேயின் பேப்பரை அங்கேயே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இனி நான் எழுதுவது எதுவும் ரெனான்தே பார்க்காமல் சர்வருக்குப் போகக் கூடாது என்றார். வேலையைவிட்டு அனுப்பியிருந்தால் எழுந்து போயிருப்பேன். உட்கார்ந்து வேலையைப் பார்க்கச் சொன்னார்.

திருத்தத்தைக் கிட்டில் சேர்த்தேன். சோதனை இல்லை என்று ரெனான்தே திருப்பி அனுப்பினான். ஒரு தாய், ஒரு குழந்தை, பட்டியலில் இரண்டு பெயர் வர வேண்டும் என்று சோதனை எழுதினேன். புது வெர்ஷன் எண் போட்டு சர்வர் கட்டியது. இரண்டு தடவை கட்டி, இரண்டும் ஒன்றே என்று அவன் பார்த்துக்கொண்டான். அன்று முழுக்க அவன் என்னை நாங் என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு புது வெர்ஷனோடும் என்ன மாறியது என்று ஒரு பக்கத் தாள் படகுத்துறைக்குப் போக வேண்டும் என்பது அவன் கொண்டுவந்த வழக்கம். "பட்டியல் பிழை சரி செய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன்.

"இது பத்தாது," என்றான். "எப்போ, எப்படி உள்ள போச்சு, ஏன் திரும்ப வந்துச்சு, யாரு. எல்லாம் வேணும். அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்ல."

திரும்ப எழுதினேன். என் பெயரைக் கீழே, சின்னதாக, கடைசியில் போட்டேன். அவன் அதை முதல் வரிக்கு நகர்த்தி அனுப்பினான்.

மறுநாள் காலை நோங் டாடோ போன் செய்தார்.

"இந்தாய், இந்தத் தாள்ல உன் பேர் இருக்கே. அச்சுல தப்பா வந்துடுச்சா?"

"இல்ல நோங்."

அவருக்குப் பின்னால் டிக்கெட் வரிசையின் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு ஒரு பொம்பள என் மூஞ்சில தண்ணி பாட்டிலை வீசினா. அவ கொழந்தை வெயில்ல சிவந்து போயிருந்துச்சு. நான் அந்தப் புது ஆளைத்தான் மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன். போன்ல நீ வேற, சும்மா கேட்டேன்னு சொன்னே."

"ஆமா நோங்."

"கவுன்ட்டர் சுவத்துல ஒட்டச் சொல்லியிருக்கான்." குரலைத் தாழ்த்தினார். "ஒட்ட வேணாம்னா சொல்லு. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடறேன். இங்க பொண்ணுங்க எல்லாம் உன்னை…"

"ஒட்டுங்க நோங்."

"எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும்."

அவர் போனை வைக்க மறந்துவிட்டார். டேப்பைக் கிழிக்கும் சத்தம் நாலு தடவை கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல், "அது என்ன நோங், எங்க ஜெம்மா பேர் போட்டிருக்கு," என்று கேட்டபடி கிட்டே வந்தது.